வெளிநாட்டு நிதி வாங்கித் தருவதாகச் சொல்லி வருபவரிடம் பணத்தையும் ஆவணங்களையும் கொடுத்துவிடாதீர்கள்

நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளையை நடத்தி வருகிறோம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா ஏற்க ஒப்புக்கொண்ட 5,25,000 பேரில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம், இன்றும் சாதிச் சான்றிதழுக்குப் போனால், கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பழைய குடும்ப அட்டையைக் கேட்கிறார்கள். அட்டையைத் தொலைத்தவர்களுக்கு மனு எழுதித் தருவதும், இலங்கையின் அட்டன் பக்கம் தங்கிவிட்ட உறவினர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் எங்கள் வேலை. பள்ளிக்கூடத்துக்கும் கோவிலுக்கும் மனமுவந்து கொடுப்பவர்கள்கூட, இரண்டு நாடுகளுக்கிடையே காகிதம் தேடும் வேலைக்குப் பணம் தரத் தயங்குவார்கள். அதனால்தான் அந்த மனிதர் சொன்னதை நம்பினோம்.

சமவெளியில் ஒரு தொண்டு நிறுவனத்தை நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு 2023 மே மாதம் அவர் வந்தார். ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்று எங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் தர ஆயத்தமாக இருப்பதாகவும், வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களுக்கு இல்லாததால் பணம் முதலில் அவர் கணக்குக்கு வந்து, பத்து விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு மாற்றப்படும் என்றும் கூறினார். விண்ணப்பக் கட்டணம் என்று 45,000 ரூபாயும், மதிப்பீட்டாளர் வருகைச் செலவு என்று 30,000 ரூபாயும் வாங்கினார். அதில் பெரும்பகுதி, கொழுந்து பறிக்கும் பெண்கள் கூலி நாளன்று ஐம்பதும் நூறுமாகக் கொடுத்துச் சேர்ந்த பணம்.

இப்படி ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்கு மாற்றித் தருவது முன்பு நடைமுறையில் இருந்ததுதான். அந்தப் பழைய நினைவே எங்களை ஏமாற்றியது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட பிறகு, வெளிநாட்டு நன்கொடையைப் பெறும் நிறுவனம் அதை வேறு எவருக்கும், பதிவு பெற்ற இன்னொரு நிறுவனத்துக்கேகூட, மாற்றக் கூடாது. பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடமும் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் அந்த நிறுவனம் தொடங்கிய கணக்கு மட்டுமே. ஆகவே அவர் சொன்ன வழியில் பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் அது எங்களைச் சட்டச் சிக்கலில்தான் மாட்டியிருக்கும். குன்னூரில் உள்ள எங்கள் ஆடிட்டர் இதை ஐந்து நிமிடத்தில் விளக்கினார். ஆனால் நாங்கள் அவரிடம் போனது, பணம் கொடுத்து நான்கு மாதங்கள் கழித்து.

உள்துறை அமைச்சகத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. இணையதளத்தில், பதிவு நடப்பில் உள்ள நிறுவனங்களும் ரத்தானவையும் காலாவதியானவையும் மாநிலம், மாவட்ட வாரியாகத் தனித்தனியே கிடைக்கின்றன. அவருடைய நிறுவனம் ரத்தானவற்றின் பட்டியலில் இருந்தது. பதிவு இல்லாத அமைப்புக்கும் நேர்வழி ஒன்று உண்டு: கொடுப்பவர் யார், எவ்வளவு, எதற்காக என்று அவரே எழுதித் தரும் உறுதிக் கடிதத்துடன் முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எங்களுக்குக் காட்டப்பட்ட 'ஐரோப்பிய' கடிதத்தில் தொகையும் இல்லை, நோக்கமும் இல்லை. அனுப்பியவரின் முகவரி இலவச மின்னஞ்சல் முகவரி. நிதி தரும் நிறுவனம் நம்மிடமே முன்பணம் கேட்குமா என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனது.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறொன்று. மதிப்பீட்டாளருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி, பதினோரு குடும்பங்களின் அட்டைகளை அசலாகவே வாங்கிச் சென்றார். சேரம்பாடிப் பக்கத்துப் பாட்டி ஒருவர், தகரப் பெட்டியின் அடியிலிருந்து, பழைய சேலைத் துணியில் சுற்றிய அட்டையை எடுத்து, மடிப்பு கிழியாமல் பிரித்து, "பத்திரம் சாமி" என்று என் கையில்தான் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து அந்த மனிதரின் நிறுவனம் அச்சிட்ட கையேடு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அதில் அதே பாட்டியின் படம், அவர்களுடைய முதியோர் இல்லத்தில் வாழ்பவர் என்ற குறிப்புடன் வந்திருந்தது. பாட்டி இன்றும் தோட்டத்து வரிசை வீடான தன் லயன் வீட்டில் மகளோடுதான் இருக்கிறார்.

பணப் பரிமாற்ற விவரங்களுடன் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதுவரை நான்கு அட்டைகள் தபாலில் திரும்பி வந்துள்ளன. பாட்டியின் அட்டை அவற்றில் இல்லை. கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பகுதிகளில் வேறு அமைப்புகளிடமும் இதே கோரிக்கையுடன் யாரேனும் வந்திருந்தால், அசல் ஆவணம் எதையும் கொடுக்காமல் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள். மீதி ஏழு அட்டைகளை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.