சி.எஸ்.எம்., பி.எஸ்.எம்., கான்பன்: எந்த வகுப்புக்குக் காசு கட்டலாம்?

இருபது ஒரு ரூபாய் நாணயம், நான்கு பேர், ஒரு மேசை. முதல் ஆள் இருபதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு முடித்த பிறகுதான் மொத்தமாக அடுத்தவரிடம் தள்ள வேண்டும். அவரும் அப்படியே. ஒரு நாணயத்துக்கு ஒரு நொடி என்று வைத்தால் எல்லாம் முடிய 80 நொடி. ஐந்தைந்தாகத் தள்ளினால் 35 நொடி. ஒவ்வொன்றாகத் தள்ளினால் 23 நொடிதான். முதல் நாணயம் நான்காவது நொடியிலேயே வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாரும் வேகமாக வேலை செய்யவில்லை. நிஜமாக விளையாடிப் பார்த்தால், ஒவ்வொன்றாகத் தள்ளும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். மொத்த நேரம் மட்டும் விழும். மென்பொருளைச் சிறு சிறு பகுதியாகச் செய்து அடிக்கடி கொடுக்கும் அஜைல் முறை பற்றி நான் பார்த்த ஸ்லைடுகள் எதுவும் சொல்லித்தராததை இந்தப் பத்து நிமிட விளையாட்டு சொல்லித்தந்தது. அதனால், 'எந்த வகுப்பில் சேரலாம்' என்று யாராவது கேட்டால், அங்கே உங்கள் கை என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலை செய்பவர்களிடம் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இரண்டு: ஸ்க்ரம் அலையன்ஸ் தரும் சி.எஸ்.எம்., ஸ்க்ரம் டாட் ஆர்க் தரும் பி.எஸ்.எம். ஒன்று (ஒன்று என்பது முதல் நிலை). ஸ்க்ரம் என்பது சிறு குழு குறுகிய சுற்றுகளில் வேலையை முடிக்கும் ஓர் அஜைல் முறை; அதைக் குழு ஒழுங்காகச் செய்ய உதவுபவர் ஸ்க்ரம் மாஸ்டர். அவருக்கான இந்தச் சான்றிதழ்கள் இரண்டுமே ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஸ்க்ரமை உருவாக்கிய இருவரில் ஒருவரான கென் ஷ்வேபர், தான் சேர்ந்து தொடங்கிய ஸ்க்ரம் அலையன்ஸை விட்டு 2009-ல் வெளியேறி ஸ்க்ரம் டாட் ஆர்க்கைத் தொடங்கினார். குடும்பத் தலைவரே தனிக்குடித்தனம் போன கதை. பாடம் ஒன்றுதான். சமையலறை வேறு.

சி.எஸ்.எம்.மில் வகுப்புக்குப் போகாமல் தேர்வு எழுத முடியாது. பெரும்பாலும் இரண்டு நாள். தேர்வில் 50 கேள்வி, ஒரு மணி நேரம், 37 சரியாக இருந்தால் பாஸ். வகுப்பில் தூங்காதவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆகவே நீங்கள் காசு கொடுப்பது பயிற்சியாளருக்குத்தான், தேர்வுக்கு அல்ல. நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் காகித விமானம் செய்ய வைப்பார், லெகோவில் ஊர் கட்டச் சொல்வார், நடுவில் வாடிக்கையாளர் வேடத்தில் வந்து 'பள்ளிக்கூடம் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டும்' என்று மனதை மாற்றிக்கொள்வார். மோசமானவர் கிடைத்தால் இரண்டு நாளும் ஸ்லைடுதான். எனக்கு முதலில் வாய்த்தவர் இரண்டாவது வகை. மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு சங்கதி: இந்தச் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும். பிறகு 100 டாலரும், 20 மணி நேரம் ஏதாவது படித்ததற்கான கணக்கும் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும்.

பி.எஸ்.எம். ஒன்றுக்கு வகுப்பு கட்டாயமில்லை. ஸ்க்ரமின் விதிநூலான, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்ரம் கைடு, 2020 பதிப்பு, மொத்தமே பதின்மூன்று பக்கம். அதைக் கரைத்துக் குடித்துவிட்டு 200 டாலர் கட்டி எழுதலாம். 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்க வேண்டும், அதாவது 68 சரியான விடை. காலாவதி கிடையாது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வருடக்கணக்கில் ஸ்க்ரம் செய்தவர்கள்தான் இதில் வழுக்கி விழுகிறார்கள். தினமும் பதினைந்து நிமிடம் கூடும் டெய்லி ஸ்க்ரமில் 'நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன' என்ற மூன்று கேள்வி கட்டாயமா? இல்லை; 2020 பதிப்பில் அந்தக் கேள்விகளே எடுக்கப்பட்டுவிட்டன. அந்தப் பதினைந்து நிமிடம் யாருக்கானது? டெவலப்பர்களுக்கு. இரவு ஏழரைக்கு வெளிநாட்டில் வாடிக்கையாளர் பக்கம் இருக்கும் ஆன்சைட் ஆட்களோடு போன் கால் போட்டு, மேனேஜரிடம் வரிசையாக ஸ்டேட்டஸ் ஒப்பிப்பதுதான் ஸ்டாண்ட்-அப் (டெய்லி ஸ்க்ரமுக்கு இன்னொரு பெயர்) என்று பழகியவர் அந்த இடத்தில் தப்பான பட்டனைத்தான் அழுத்துவார்.

இந்தத் தேர்வு படிப்பைச் சோதிக்கும், கையைச் சோதிக்காது. பழகத்தான் வேண்டுமென்றால் அதே அமைப்பின் ஏ.பி.எஸ். (அப்ளையிங் ப்ரொஃபஷனல் ஸ்க்ரம்) என்ற வகுப்பு இருக்கிறது. அங்கே குட்டிக் குட்டி ஸ்பிரின்ட்களாக (ஸ்க்ரமின் குறுகிய வேலைச் சுற்றுகள்) எதையாவது செய்துகொண்டே கற்க வேண்டும். பி.எஸ்.எம். ஒன்று தேர்வையும் எழுத விடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி அது.

மூன்றாவது கான்பன்: வேலைகளைப் பலகையில் வைத்து, ஒரே நேரத்தில் கையில் எடுப்பதற்கு வரம்பு போடும் முறை. நம் ஊரில் இதற்கு இன்னும் உரிய மரியாதை இல்லை என்பது என் எண்ணம். டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் வளர்த்த முறையை மென்பொருள் வேலைக்கு ஏற்றபடி மாற்றியவர் டேவிட் ஆண்டர்சன். அந்தக் கதையின் முதல் அத்தியாயமே ஹைதராபாத்தில் நடக்கிறது. 2004-05 வாக்கில் மைக்ரோசாஃப்டின் ஒரு பராமரிப்புக் குழு அங்கே ஒரு வெண்டரிடம் (வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்த வெளி நிறுவனம்) இருந்தது. ஒரு கோரிக்கை முடிய ஐந்து மாதம் ஆனது. பார்த்தால், புதிதாக வரும் ஒவ்வொன்றும் எவ்வளவு வேலை என்று எஸ்டிமேட் போடுவதே குழுவின் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது. எஸ்டிமேட்டை நிறுத்தினார்கள், கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள். ஒன்பது மாதத்தில் அந்த ஐந்து மாதம் இரண்டு வாரமாகச் சுருங்கியது.

கான்பன் யுனிவர்சிட்டி தரும் கே.எம்.பி. (கான்பன் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல்) சான்றிதழ் இரண்டு வகுப்புகள் சேர்ந்தது. பலகை விளையாட்டு, வரைபடம், கணக்கு என்று போகும். கணக்கும் எளிதுதான்: திறந்திருக்கும் டிக்கெட் (பதிவாகி வரும் ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட்) 12, ஒரு நாளைக்கு மூடுவது 3 என்றால் ஒரு டிக்கெட் சராசரியாக 4 நாள் எடுக்கும். ஆறை மட்டும் திறந்து வைத்து அதே மூன்றை மூடினால் 2 நாள். 'எல்லாவற்றையும் பேரலலாகத் தொடங்கிவிடுங்கள்' என்று சொல்பவரிடம் காட்ட இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. குறை என்றால், வேலை விளம்பரங்களில் கே.எம்.பி. கேட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே ஸ்க்ரம் மாஸ்டர்தான்.

சரி, எதை எடுப்பது? கம்பெனி காசு என்றால் சி.எஸ்.எம்., ஆனால் பயிற்சியாளரை நீங்களே தேர்ந்தெடுங்கள். எத்தனை மணி நேரம் நின்றுகொண்டு வேலை செய்வோம் என்று முன்பே கேளுங்கள்; பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். சொந்தக் காசு, வேலை மாற வேண்டும் என்றால் பி.எஸ்.எம். ஒன்று. டிக்கெட் மேல் டிக்கெட் விழும் சப்போர்ட் ப்ராஜெக்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கான்பன்; இரண்டு வாரத் திட்டம் போட்டு, இரண்டாவது நாளே ப்ரொடக்ஷன் பிரச்சினையில் அது கிழிவதைப் பார்த்துச் சலித்தவன் சொல்கிறேன். முடிந்தவரை நேரில் நடக்கும் வகுப்பாகப் பாருங்கள், ஆன்லைனில் நாணயம் திருப்ப முடியாது.

அந்த விளையாட்டை எங்கள் குழுவோடு பேன்ட்ரியில் ஒருமுறை நடத்தினேன். ஸ்டாப்வாட்ச் பிடிக்க டெலிவரி மேனேஜரையே அழைத்தேன். மொத்த நேரம் பாதிக்குக் கீழே இறங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் நால்வரின் தனித்தனி நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, 'மூணாவது ஆள் ஏன் இவ்ளோ ஸ்லோ?' என்றார்.