எஸ்கியூஎல்ஆல்கெமி செஷனும் த்ரெட் பிழைகளும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

பைத்தானில் சர்வர் எழுதுபவர்களுக்கு எஸ்கியூஎல்ஆல்கெமி புதிதல்ல. பைத்தான் கோடிலிருந்து டேட்டாபேஸோடு பேச, மைக் பேயர் 2006-இல் வெளியிட்ட லைப்ரரி; 2.0 பதிப்பு 2023 ஜனவரியில் வந்தது. 1.3 காலத்திலிருந்து வேலையில் இதைத்தான் பயன்படுத்துகிறேன். பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், முன்னால் ஃபிளாஸ்க் ஃபிரேம்வொர்க்கும் அதை ஓட்டும் கூனிகார்ன் சர்வரும். கொயரி எழுதுவதில் இதற்கு இணை இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் நேரத்தைத் தின்றது கொயரி அல்ல, டேட்டாபேஸோடு நடக்கும் ஒரு தொடர் வேலையைக் கையில் வைத்திருக்கும் செஷன். பிழை வெடிக்கும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் வேறு.

எங்கள் சர்வரில் கூட்டம் அதிகமாகும் நேரத்தில் லாகின் பக்கம் திடீரென்று விழுந்துகொண்டிருந்தது. பூல் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்துப் பகிரும் இடம்) அளவு 5, ஓவர்ஃப்ளோ (அதற்கு மேல் திறக்க அனுமதிப்பவை) 10 இரண்டும் தீர்ந்துவிட்டன, 30 விநாடி காத்திருந்தும் இணைப்பு கிடைக்கவில்லை என்று டைம்அவுட் எரர். மூன்றும் லைப்ரரியின் இயல்பான மதிப்புகள். டிரேஸ்பேக் முழுக்க லாகின் ரூட்டைத்தான், அதாவது லாகின் முகவரியைக் கையாளும் கோடைத்தான், காட்டியது. அதிலோ ஒரே ஒரு சின்ன செலக்ட்.

இந்த இடத்தில் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பூல் அளவைக் கூட்டுவது. கூட்டுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பூல் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி. அளவை 20 ஆக்கினால் ஓவர்ஃப்ளோவோடு 30. கூனிகார்னில் 4 வொர்க்கர், அதாவது 4 ப்ராசஸ், ஓடினால் 120. போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்பதே 100 இணைப்புதான். பூல் எரர் போய், டேட்டாபேஸே கதவைச் சாத்தும் எரர் வரும்.

பார்க்க வேண்டிய இடம், ஒவ்வொரு இணைப்பும் என்ன செய்கிறது என்று போஸ்ட்கிரெஸ் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி. அங்கே இணைப்புகள் வரிசையாக ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்று, டிரான்சாக்‌ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா நின்றன. கடைசியாக ஓடிய கொயரி எல்லாவற்றிலும் ஒன்றே: ஆர்டர் டேபிளில் ஒரு செலக்ட். அந்த ரூட் ஆர்டரைப் படித்துவிட்டு, அப்படியே எஸ்எம்எஸ் அனுப்பும் வெளிச் சேவையைக் கூப்பிட்டது. செஷனில் முதல் செலக்ட் ஓடியதுமே டிரான்சாக்‌ஷன் தானாகத் தொடங்கிவிடும். கமிட், ரோல்பேக், க்ளோஸ் ஏதாவது ஒன்று நடக்கும்வரை இணைப்பு பூலுக்குத் திரும்பாது. வெளிச் சேவை மந்தமானால் இணைப்பும் அதோடு சேர்ந்து காத்துக் கிடக்கும். ஒரு வொர்க்கரில் 20 த்ரெட், 15 இணைப்பு. பதினைந்தையும் எஸ்எம்எஸ் ரூட் பிடித்து வைத்துக்கொள்ள, பதினாறாவதாக வந்த லாகின் அடி வாங்கியது.

வெளியே கூப்பிடுவதற்கு முன் கமிட் செய்தால் போதும் என்று தோன்றும். போதாது. கமிட் ஆனதும் ஆப்ஜெக்ட்டில் இருக்கும் மதிப்புகள் காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகு ஆர்டரின் போன் நம்பரைத் தொட்டால், சத்தமில்லாமல் இன்னொரு செலக்ட் ஓடி, மறுபடியும் ஒரு இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தேவையான மதிப்புகளைச் சாதாரண வேரியபிள்களில் எடுத்து வைத்துவிட்டு, கமிட் செய்து, அப்புறம் வெளிச் சேவையைக் கூப்பிட வேண்டும். போஸ்ட்கிரெஸ் 9.6 முதல், சும்மா நிற்கும் டிரான்சாக்‌ஷனைக் குறிப்பிட்ட நேரத்தில் வெட்டிவிட ஒரு செட்டிங் இருக்கிறது. இயல்பாக அது அணைந்திருக்கும். ஒரு நிமிடம் என்றாவது வைத்துவிடுங்கள்.

த்ரெட் விஷயத்தில் விதி எளிது: பூலை வைத்திருக்கும் எஞ்சினை எல்லா த்ரெட்டும் பகிரலாம், செஷனைப் பகிரக்கூடாது. பின்னணி த்ரெட்டுக்கு ஆப்ஜெக்ட்டைக் கொடுத்து அனுப்பினால், அதோடு செஷனும் போய்விடுகிறது. ஒரு நாள் ரோல்பேக் எரர், மறுநாள் டிட்டாச்டு இன்ஸ்டன்ஸ் எரர் என்று முகம் மாறி மாறி வரும். ஐடியை மட்டும் அனுப்பி, அங்கே புதிய செஷன் திறப்பதே சரி. அசிங்க் செஷனுக்கும் இதேதான்; ஒரே செஷனை, டாஸ்க்குகளை ஒரே நேரத்தில் ஓட்டும் கேதரில் பல டாஸ்க்குகளுக்குக் கொடுக்காதீர்கள். ஸ்கோப்டு செஷன் த்ரெட்டுக்கு ஒன்று தரும். ஆனால் ரிக்வெஸ்ட் முடிவில் ரிமூவ் கூப்பிடாவிட்டால், அதே த்ரெட்டுக்கு வரும் அடுத்த ரிக்வெஸ்ட் பழைய செஷனோடுதான் தொடங்கும். எஸ்கியூலைட்டில் ‘ஒரே த்ரெட்டா’ என்று பார்க்கும் சோதனையை அணைத்தால் எரர் மறையும், ஆபத்து மறையாது.

கூனிகார்னில் ஆப்பை முன்கூட்டியே லோடு செய்து ஃபோர்க் செய்பவர்கள் (ஓடும் ப்ராசஸை நகலெடுத்து வொர்க்கர்களை உருவாக்குபவர்கள்) இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஃபோர்க்குக்கு முன் திறந்த இணைப்பு இருந்தால், ஒரே சாக்கெட்டில் இரண்டு ப்ராசஸ் பேசத் தொடங்கும். டீக்ரிப்ஷன் தோல்வி என்று எஸ்எஸ்எல் எரர் வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும். ஃபோர்க் ஆன பிறகு ஒவ்வொரு வொர்க்கரிலும் எஞ்சினின் டிஸ்போஸை, க்ளோஸ் மதிப்பை ஃபால்ஸ் ஆக வைத்துக் கூப்பிட வேண்டும். மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு 8 மணி நேரச் சும்மா இருப்புக்குப் பின் இணைப்பு அறுவது வழக்கம்; இணைப்பைக் கொடுக்கும் முன் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும், எஸ்கியூஎல்ஆல்கெமி 1.2-இல் வந்த ப்ரீ பிங் அதைச் சமாளிக்கும்.

எரர் செய்திகளோடு விளக்கப் பக்கத்துக்கு ஒரு குறியீடும் தருவது இந்த லைப்ரரியின் பெரிய பலம். குறை, ஒரு இணைப்பு நெடுநேரம் வெளியே இருந்தால் அது தானாக எச்சரிப்பதில்லை. அதற்குப் பூலின் செக்அவுட், செக்இன் ஈவன்ட்கள் இருக்கின்றன. எடுக்கும்போது நேரத்தையும் ரூட் பெயரையும் குறித்துக்கொண்டு, திருப்பும்போது 2 விநாடிக்கு மேல் போயிருந்தால் லாக் எழுத வைத்திருக்கிறேன். இப்போது பூல் நிரம்புவதற்கு முன்பே, எந்த ரூட் இணைப்பைப் பிடித்து வைத்திருந்தது என்று பெயரோடு தெரிந்துவிடுகிறது.