வீட்டுக்கு வந்து எடுக்குற "நுரையீரல் பேக்கேஜ்" – 6,500 ரூபாய் போச்சு, ஏமாந்துராதீங்க

சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை பக்கம் சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்குற நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளி இருக்குற வீட்டுக்காரங்க இதைப் படிச்சிருங்க. கொதிப்போடதான் எழுதுறேன். என்ன கவனிக்கணும்னு கடைசியில சொல்றேன்.

வீட்டுக்கே வந்து டெஸ்ட் எடுக்குற ஒரு லேப், எங்க சித்தப்பாகிட்ட 6,500 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கிட்டு, ஒண்ணுக்கும் உதவாத மூணு காகிதத்தைக் கொடுத்திருக்கு. விறகை எரிச்சு கரியாக்குற கரிமூட்டத்துல காலமெல்லாம் புகையைச் சுவாசிச்ச மனுஷன் அவர். மாசம் ஒரு ஸ்பைரோமெட்ரி (குழாயில வேகமா ஊதவச்சு நுரையீரல் எவ்வளவு காத்தை வெளியேத்துதுன்னு அளக்குற டெஸ்ட்), நடை டெஸ்ட், ஆக்சிஜன் அளவு, முடிவுல "டிரெண்ட் ரிப்போர்ட்". இதான் பேக்கேஜ். வந்த பையன் ஊதும்போதே கோடு ஏறுறதை டேப்லெட்டுல காட்டி, "ஐயா, இனிமே நீங்க ராம்நாடு, மதுரைன்னு அலைய வேணாம், நானே வாறேன்"னு சொல்லியிருக்கான். நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குறவருக்கு அந்த வார்த்தை போதாதா? சித்தி அங்கேயே ஜிபேயில பணத்தை அனுப்பிட்டாங்க.

முதல் ரிப்போர்ட்டுல எஃப்.இ.வி.1, அதாவது வேகமா ஊதும்போது முதல் ஒரு செகண்டுல வெளியேறுற காத்தோட அளவு, 1.42 லிட்டர். மூணாவதுல 1.16. "18 சதவீதம் குறைவு, வீட்டில் ஆக்சிஜன் மெஷின் அவசியம்"னு கீழே ஒரு வரி. வாடகை மெஷினும் அவங்ககிட்டயே இருக்காம்.

ஸ்பைரோமெட்ரி எடுக்குறதுதான் என் தொழில். அந்தக் காகிதங்களைப் பார்த்ததும் வயிறு எரிஞ்சது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஊதல்! குறைஞ்சது மூணு நல்ல ஊதல் வேணும். அதுல பெரிய ரெண்டு அளவும் 150 மில்லிக்குள்ள ஒத்துப் போகணும். போகலேன்னா எட்டு தடவை வரைக்கும் ஊதச் சொல்லலாம். மூணாவது ரிப்போர்ட்டுல கோடு ரெண்டு செகண்டுலயே அந்து நிக்குது. சிஓபிடிக்காரங்களுக்குக் காத்து மெதுவாத்தான் வெளியேறும். கோடு படுக்குற வரைக்கும், தேவைப்பட்டா 15 செகண்ட் வரைக்கும், "ஊதுங்க, ஊதுங்க"ன்னு கூடவே நிக்கணும். ஆரம்பத்துல கோடு செங்குத்தா ஏறாம தயங்கி வேற ஏறியிருக்கு. அப்படி ஊதுனதுல வர்ற எஃப்.இ.வி.1-ஐ நம்பவே கூடாது.

முதல் தடவை இன்ஹேலர் அடிச்ச கொஞ்ச நேரத்துல எடுத்திருக்காங்க, மூணாவது தடவை காலையில மருந்து எடுக்குறதுக்கு முன்னாடி. மூச்சுக்குழாயை விரிக்குற இன்ஹேலர் மருந்தான சால்பியூட்டமாலை நிறுத்தி 4 முதல் 6 மணி நேரம் கழிச்சு எடுக்கணும், இல்லாட்டி 400 மைக்ரோகிராம் கொடுத்து 15 நிமிஷம் கழிச்சு எடுக்கணும். எது செஞ்சாலும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் செய்யணும். எல்லாம் சரியா எடுத்தாலுமே இந்த நோய்ல வாரத்துக்கு வாரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர்ற வித்தியாசத்தை நோய் முத்துனதுக்கு அடையாளமா எடுக்குறதில்ல. ஒத்தை ஊதலை வச்சு 18 சதவீதம்னு ஒரு மனுஷனைப் பயங்காட்டியிருக்காங்க.

ஆறு நிமிஷ நடை டெஸ்ட்டுக்கு 30 மீட்டர் நேர் பாதை வேணும். இவங்க நடக்க விட்டது வீட்டுத் தாழ்வாரத்துல. நாலு எட்டுக்கு ஒரு திரும்பல்னா தூரம் குறையாம என்ன செய்யும்? ஆக்சிஜன் மெஷின் விஷயம்தான் இன்னும் அநியாயம். வீட்டு ஆக்சிஜனை எஃப்.இ.வி.1 பார்த்து முடிவு பண்றதில்ல. பொதுவா ஓய்வா உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் இல்லாட்டி அதுக்குக் கீழே இருந்தாத்தான் டாக்டரே அந்தப் பேச்சை எடுப்பாரு. அவங்க ரிப்போர்ட்டுலயே 95 போட்டிருக்கு!

போன் போட்டேன். "டெக்னீஷியன் லீவு சார்." அடுத்து, "அது சாஃப்ட்வேர் தானா போடுற ரிப்போர்ட்." மெஷின் சரியா அளக்குதான்னு பார்க்குற காலிபரேஷன் பதிவைக் கேட்டேன். மூணு லிட்டர் சிரிஞ்சை வச்சுத் தினமும் சரி பார்க்கணும், அளவு 2.91-க்கும் 3.09-க்கும் நடுவுல விழணும். "கம்பெனியிலயே பண்ணித்தான்ணே அனுப்புவாங்க"ன்னு பதில். 6,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டதுக்கு, "பேக்கேஜ் முடிஞ்சிருச்சு, வேணும்னா அடுத்ததுல 500 தள்ளுபடி தாறோம்"ங்கிறாங்க. இப்ப வாட்ஸ்அப்ல என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. 6,500! சித்தியோட சீட்டுப் பணம் அது.

கோபத்துல எழுத ஓடல, முக்கியமானதை மட்டும் சொல்றேன். மூணு ஊதலோட கோடும் இல்லாத ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க. கடைசியா இன்ஹேலர் அடிச்ச நேரத்தை ரிப்போர்ட்டுலயே எழுத வைங்க. நெஞ்சுநோய் டாக்டர் பார்க்காம ஆக்சிஜன் மெஷின் எடுக்காதீங்க. மொத்தப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீங்க, ரசீது வாங்குங்க. ஏற்கெனவே கொடுத்துட்டவங்க 1915-க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிவு பண்ணுங்க, நானும் பண்ணியிருக்கேன்.