சிவப்புக் காது ஆமை வளர்ப்பு: எது உழைத்தது, எது வீண் செலவு

ரெட் இயர்டு ஸ்லைடர், அதாவது சிவப்புக் காது ஆமைக் குஞ்சு வாங்கப் போனால் கடைக்காரர் கூடவே மூன்று சாமான்களைத் தலையில் கட்டிவிடுவார். பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த குட்டிப் பெட்டி, காய்ந்த இறால் டப்பா, தண்ணீர் ஹீட்டர். எங்கள் வீட்டு ஆமை பெண். ஓடு இப்போது எட்டு அங்குலம். அந்த மூன்றில் ஒன்றுகூட இன்று வீட்டில் இல்லை. பெட்டி சீக்கிரமே பற்றாமல் போனது. சென்னைச் சூட்டில் ஹீட்டருக்கு வேலையே வரவில்லை. காய்ந்த இறாலை மட்டுமே போட்டால் வைட்டமின் ஏ குறைந்து கண் வீங்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் அதையும் நிறுத்தியாயிற்று.

ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. நாங்கள் 500 லிட்டர் கறுப்புத் தொட்டி வாங்கி முக்கால்வாசி மட்டும் நிரப்புகிறோம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறி ஓடிவிடும். கொல்லைப்புறத்தில் காலை வெயில் விழுந்து, மதியம் வேப்ப மர நிழல் வரும் இடமாகப் பார்த்து வைத்திருக்கிறோம். மே மாதம் மேலே பச்சை வலை கட்டாவிட்டால் தண்ணீர் கொதித்துவிடும். காக்காய்க்கும் பூனைக்கும் பயந்து கம்பி வலையும் உண்டு.

செலவு செய்வதாக இருந்தால் ஃபில்டரில் செய்யுங்கள். மீன் தொட்டிக்குள் போடும் சின்ன ஃபில்டர் இதற்குத் தாங்காது; ஆமை போடும் அழுக்கு அப்படி. வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர், அதுவும் தொட்டியின் அளவுக்குச் சொன்னதைவிட ஒரு படி பெரியது, நன்றாக உழைக்கிறது. ஓட்டுத் தகடுகள் அவ்வப்போது வெங்காயச் சருகு போல மெல்லிசாகக் கழன்று மிதக்கும். வளரும் ஆமைக்கு அது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் உறிஞ்சும் குழாய் வாயை அடைப்பது பெரும்பாலும் அந்தச் சருகுதான். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா செத்துப் போகும். நீண்ட மின்வெட்டிலும் இதே கதைதான், கரண்ட் வந்ததும் ஒரு நாற்றம் வரும். கேனிஸ்டரைத் திறந்து அலசிவிட்டு ஓட விடுங்கள். எங்கள் போர் தண்ணீரில் ஓட்டின் மேல் வெள்ளையாக உப்புப் படிகிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். ஆமைக்கு அது பிடிக்கிறதா என்பது வேறு விஷயம்.

வெயில்தான் அடுத்தது. தண்ணீரை விட்டு முழுக்க ஏறிக் காய ஒரு மேடு கட்டாயம் வேண்டும். எங்கள் ஆமை அங்கே பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, விரல்களை விரித்துக்கொண்டு படுக்கும். அந்த நேரத்தில் யாராவது நடந்து வந்தால் தொபுக்கென்று தண்ணீரில் விழும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் ஆமைக்கு வேண்டிய யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வராது, அதனால் ஹாலில் வளர்ப்பவர்களுக்கு யூவிபி விளக்கு தேவை. நாங்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் போடுகிறோம். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் வீரியம் குறைந்துவிடும் என்பதால் நாள்பட்ட விளக்குக் குழாயை நம்பக் கூடாது.

தீனிக்கு அதன் தலையளவு பெல்லட் (கடையில் கிடைக்கும் ஆமைத் தீனி உருண்டை), அப்புறம் ஆகாயத்தாமரை, கேரட் துருவல். வயது ஏற ஏறப் பச்சைதான் அதிகம். ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சமையலறை சிங்க்கில் எதையும் அலசக் கூடாது. வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமிப் பயத்தால் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975லேயே தடை போட்டார்கள்.

இது 20, 30 வருடம் வாழும். வளர்க்க முடியவில்லை என்று கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை இது, உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. நம்மூர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும். சரி, அப்படியானால் நட்சத்திர ஆமை வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடிக்கடி ஊர் மாறுகிறவர்கள் இரண்டையுமே விட்டுவிட்டு மீன் வளர்க்கலாம்.