முதல் ஸ்கேன் நார்மல் என்றாலும்: ஹைகிரவுண்ட் விபத்துப் பிரிவும் ஊமைக்காயங்களும்

வெளிநாட்டிலிருந்து லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் வரும் நம்மவர்கள் வந்ததும் பைக்கை எடுப்பார்கள், இல்லாவிட்டால் வாடகைக் கார் பிடித்து நாங்குநேரி, வள்ளியூர் நாற்கரச் சாலையில் ஓட்டுவார்கள். அடிபட்டால் போய்ச் சேருவது பெரும்பாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஸ்கேன் அறை வேலை தெரிந்தவன் என்ற முறையில் அங்கே கவனித்ததை எழுதுகிறேன்.

முதலில் பணம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் வேண்டாம்; வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் உண்டு. பனைமரத்திலிருந்து விழுந்தது சாலை விபத்து இல்லை என்பதால், அப்படி விழுந்தவருக்கு இது கிடையாது. அவருக்கு அரசு ஆஸ்பத்திரியோ முதல்வர் காப்பீட்டு அட்டையோதான்.

உள்ளே போனதும் ஃபாஸ்ட் ஸ்கேன் பார்ப்பார்கள். கல்லீரலுக்கும் வலது கிட்னிக்கும் நடுவில், மண்ணீரல் பக்கம், அடிவயிறு, இதயத்தைச் சுற்றி என்று நாலு இடத்தில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று தேடும் அல்ட்ராசவுண்ட் இது. இரண்டு நிமிஷ வேலை, உயிரைக் காக்கும் வேலை. ஆனால் சுமார் 200 மில்லிக்குக் குறைவான ரத்தம் இதில் பெரும்பாலும் தெரியாது. குடல் ஓட்டையும் முதுகுப் பக்க உறுப்புகளின் காயமும் கண்ணில் படாமல் தப்பிவிடும். “ஸ்கேன் நார்மல்” என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டார் கிளம்பத் துடிப்பது இங்கேதான்.

சைக்கிளில் விழுந்த பையன்களைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. தொப்புளுக்கு மேலே ஒரு ரூபாய் வட்டத்தில் கன்றிப்போன தடம், கைப்பிடி நுனி குத்திய இடம். வேறு காயமே இருக்காது. அந்தக் குத்தில் கணையமும், இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலும் முதுகெலும்பில் வைத்து நசுங்கியிருக்கலாம். கணையம் இரண்டாகவே அறுந்திருந்தாலும் முதல் மூன்று மணி நேரத்தில் ரத்தப் பரிசோதனையில் அமிலேஸ் என்ற கணைய நொதி நார்மலாக வரலாம். முதல் 12 மணி நேரத்துக்குள் எடுத்த சி.டி. ஸ்கேனிலும் கணையம் சாதாரணமாகத் தெரியலாம். அதனால் அமிலேஸையும் லிபேஸ் என்ற இன்னொரு கணைய நொதியையும் ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வலி குறையவில்லை என்றால் மறுநாள் மறுபடி சி.டி. கணைய நாளம் அறுந்திருக்கிறது என்ற சந்தேகம் வந்தால், அந்த நாளத்தைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேன். முன்சிறுகுடல் சுவருக்குள் ரத்தம் கட்டினாலோ, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பச்சை வாந்தி தொடங்கும். அந்தக் குடல் கிழிந்திருந்தாலும் காற்று முதுகுப் பக்கமே நிற்பதால், நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே எதுவும் தெரியாமல் போகலாம்.

ஆகவே டாக்டரிடம் “கீழ விழுந்துட்டான் சார்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எது, எங்கே, எந்த வேகத்தில் குத்தியது என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரியில் ஸ்கேன் கேட்கிற விதமே மாறும்.

சி.டி. என்றால் கான்ட்ராஸ்ட், அதாவது படம் தெளிவாகத் தெரிய ரத்தக்குழாயில் செலுத்தும் மருந்து, ஏற்றி எடுத்ததுதான் கணக்கு. அது இல்லாத பிளெயின் சி.டி.யில் மண்ணீரல், கல்லீரல் கிழிசல் ஒளிந்துகொள்ளும். பெரியவர்களுக்கு முழங்கை மடிப்பில் பச்சை நிற வென்ஃப்ளான் (நரம்பில் போட்டுவைக்கும் ஊசிக்குழாய்) போட்டிருந்தால் நல்லது. வழியில் புறங்கையில் போட்டுவிட்ட மெல்லிய நீல ஊசியில் மருந்தை வேகமாகச் செலுத்த முடியாது. ரத்தக்குழாய்ப் படம் மங்கிவிடும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியில் கிழிசலைத் தேடும்போது இது பெரிய நஷ்டம். பனை உயரத்திலிருந்து விழுந்தவருக்கும் நேருக்கு நேர் மோதிய காரில் இருந்தவருக்கும் அந்தத் தேடல் அவசியம்.

சீட் பெல்ட் பட்டை வயிற்றில் கன்றியிருந்தால் சிறுகுடலோடு இடுப்பு முதுகெலும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். உதரவிதானம் கிழிவது அபூர்வம். கண்டுபிடிக்கப்படுவது இடதுபக்கம்தான் அதிகம். இரைப்பை நெஞ்சுக்குள் ஏறிவிட, எக்ஸ்ரேயில் அது நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததுபோலத் தெரியும். அதை நம்பி நெஞ்சில் டியூப் போட்டால் இரைப்பை ஓட்டையாகும். மூக்குவழிக் குழாயைப் போட்டு ஒரு படம் எடுத்தால், நுனி நெஞ்சுக்குள் சுருண்டு கிடப்பது தெரிந்துவிடும்.

நம்ம பக்கத்தில் அடிபட்ட வயிற்றை எண்ணெய் போட்டு உருவிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து கூடவே கூடாது. உறைந்து நிற்கும் ரத்தக்கட்டு அதில் கலைந்துவிடும். ஸ்கேனும் ஆபரேஷனும் முடிவாகும்வரை காபி, சோடாவும் வேண்டாம். பிரஷர் மாத்திரையில் பீட்டா பிளாக்கர் சாப்பிடும் பெரியவர்களுக்கு ரத்தம் போனாலும் நாடித்துடிப்பு ஏறாமல் இருக்கலாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை என்றால் வந்ததும் சொல்லிவிடுங்கள்.

ஹைகிரவுண்டில் கூட்டம் அதிகம், கட்டில் கிடைப்பது சிரமம். இருந்தாலும் வயிற்றில் அடிபட்டவரை 24 மணி நேரம் வார்டில் வைத்துப் பார்ப்பதாக டாக்டர் சொன்னால் சம்மதியுங்கள். கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு இடது தோள்பட்டை வலி, தலைசுற்றல், பச்சை வாந்தி, சிறுநீரில் ரத்தம் எது வந்தாலும் 108தான். மண்ணீரல் கிழிசல் சில நாள் கழித்தும் வெடிக்கும். ரிட்டர்ன் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு, எப்போது பறக்கலாம் என்று சர்ஜனிடம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஸ்கேன் படங்களை ஒரு டிஸ்கில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் திரும்பிப்போகும் நாட்டில் இருக்கும் டாக்டருக்கு ஃபிலிமை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது கஷ்டம்.