பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் ஸ்கூல்: சபராளி வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா?

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும், சபராளியாக வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போய், துபாயிலோ கோலாலம்பூரிலோ பிள்ளையை பிரிட்டிஷ் ஸ்கூலில் போட்ட வீடு ஒன்றாவது இருக்கும். சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: இயர் 6 வரை தாராளமாகச் சேர்க்கலாம். இயர் 10-ல் சேர்ப்பதென்றால், இயர் 13 முடியும் வரை வாப்பாவின் வேலை அங்கே நிலைக்கும் என்ற உறுதி வேண்டும்.

முதலில் வகுப்புக் கணக்கு. ஐந்து வயது முடிந்த பிள்ளை இயர் 1. ஆக, இயர் எண்ணில் ஒன்றைக் கழித்தால் நம்மூர் வகுப்பு. இயர் 7 என்பது நம் ஆறாம் வகுப்பு. இயர் 11 பத்தாம் வகுப்பு. 12, 13 பிளஸ் ஒன், பிளஸ் டூ. டி.சி.யில் 'இயர் 9' என்று பார்த்துவிட்டு இங்கே பத்தாம் வகுப்பு கேட்டு நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சிறு வகுப்புகளில் தரத்தைக் குறை சொல்ல முடியாது. எழுத்தொலி வழியாகப் படிக்கப் பழக்குவதும், வாசிக்கப் புத்தகம் கொடுத்தனுப்புவதும், மனப்பாடத்தைத் தள்ளி வைப்பதும் நல்ல ஏற்பாடுகள். விட்டுப்போவது தமிழ். பெரும்பாலான பிரிட்டிஷ் பள்ளிகளில் அது பாடமே கிடையாது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி நம் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் எட்டாம் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளையின் பாடு திண்டாட்டம்தான். பாடநூல் கழகத்தின் தமிழ்ப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே இருக்கும்போதே வாரம் இரண்டு நாள் உட்கார வையுங்கள்.

இயர் 10, 11-ல் வருவது ஐஜிசிஎஸ்இ, நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. அதை நடத்தும் கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியத்தின் கணக்குப் பாடத்தில் 'கோர்' (அடிப்படை), 'எக்ஸ்டெண்டட்' (விரிவு) என்று இரண்டு தடம். கோரில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி கிரேடுக்கு மேல் கிடைக்காது. இன்ஜினியரிங் கனவு உள்ள பிள்ளையைக் கோரில் போட்டிருந்தால் இயர் 10 தொடக்கத்திலேயே பேசி மாற்ற வேண்டும்.

அறிவியலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "எங்கள் பிள்ளை பேப்பர் 5 எழுதுமா, 6 எழுதுமா?" பேப்பர் 5 ஆய்வகத்தில் கையால் செய்யும் தேர்வு. பேப்பர் 6 அதற்குப் பதிலாக வைக்கும் எழுத்துத் தேர்வு. தாளில் அச்சடித்த பியூரெட் (திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய்) படத்தைப் பார்த்து அளவைக் குறிக்க வேண்டும், கிராஃப் போட வேண்டும், எந்த அளவீடு பிசகியது என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் 40 மதிப்பெண்தான். பேப்பர் 6 வைப்பது தப்பில்லை. அதைச் சாக்காக வைத்து இரண்டு வருடமும் ஆய்வகத்தைப் பூட்டி வைப்பதுதான் தப்பு. பள்ளியைச் சுற்றிக் காட்டும்போது நீச்சல் குளத்தோடு திரும்பிவிடாமல் ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பியூரெட் ஸ்டாண்டில் தூசி படிந்திருந்தால் உங்களுக்கே விளங்கிவிடும்.

'பிரிட்டிஷ்' என்று பெயர்ப் பலகை வைப்பது எளிது. வெளிநாட்டு பிரிட்டிஷ் பள்ளிகளுக்கான பிஎஸ்ஓ ஆய்வைப் பள்ளி முடித்ததா, ஆசியாவிலுள்ள பிரிட்டிஷ் பள்ளிகளின் கூட்டமைப்பான ஃபோபிசியாவில் உறுப்பா, கேம்பிரிட்ஜ் தளத்தின் பள்ளிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். துபாய்ப் பள்ளிகளின் ஆய்வு அறிக்கைகளை அந்நகரின் கல்வி ஆணையமான கேஎச்டிஏ தளத்தில் படிக்கலாம்.

கட்டணத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது டியூஷன் ஃபீஸ், அதாவது பாடக் கட்டணம் மட்டும். திரும்பக் கிடைக்காத பதிவுக் கட்டணம், டெபாசிட், கட்டட நிதி, பாடத்துக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணம், ஆங்கிலம் பின்தங்கிய பிள்ளைக்குத் தனி வகுப்புக் கட்டணம் என்று மற்றவை பின்னால் வரும். மலேசியாவில் ஆண்டுக் கட்டணம் 60,000 ரிங்கிட்டைத் தாண்டினால், 2025 ஜூலை முதல் 6 சதவீதச் சேவை வரியும் உண்டு.

நம் ஆட்கள் அதிகம் அடிபடுவது நோட்டீஸ் விதியில். பிள்ளையை நிறுத்த முழுதாக ஒரு டெர்ம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு டெர்ம் கட்டணம் கட்ட வேண்டும் என்று பல பள்ளிகள் ஒப்பந்தத்தில் போடுகின்றன. கம்பெனி விசாவை ரத்து செய்ய ஒரு டெர்ம் காத்திருக்குமா? டெபாசிட் அதோடு போய்விடும். வேலை போனால் என்ன சலுகை என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். தள்ளுபடி கிடைக்கிறதே என்று வருடம் முழுவதற்கும் சேர்த்துக் கட்டாமல் டெர்ம் டெர்மாகக் கட்டுங்கள்.

ஊர் திரும்புவதென்றால் இயர் 9 முடித்து நம் ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பது தோது. சிபிஎஸ்இ 9-லும் 11-லும்தான் மாணவரைப் பதிவு செய்கிறது. நடுவே பத்தில் நுழைவது பெரும்பாடு. அதை விட்டால் இயர் 11 முடித்து வரலாம். ஆனால் மே, ஜூனில் எழுதும் ஐஜிசிஎஸ்இ முடிவு ஆகஸ்டில்தான் வரும். இங்கே பிளஸ் ஒன் வகுப்பு அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். தற்காலிகச் சேர்க்கை தருவார்களா என்று பள்ளியில் ஏப்ரலிலேயே பேசிவிடுங்கள். ஐந்து பாடங்களில் சி அல்லது அதற்கு மேல் எடுத்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயு தரும் சமநிலைச் சான்றும் வாங்க வேண்டும்.

டாக்டர் படிப்பு என்றால் இயர் 12, 13-ல் படிக்கும் ஏ லெவலில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கட்டும். நீட் கேள்விகள் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டியவை. விளக்கி எழுதியே பழகிய ஏ லெவல் பிள்ளைக்கு மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி என்பது புது விளையாட்டு, தனிப் பயிற்சி இல்லாமல் நடக்காது. வெளிநாட்டில் படித்த பிள்ளைக்கு மாநில ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கத் தாசில்தாரிடம் நேட்டிவிட்டி சான்றும் தேவைப்படும். விடுமுறையில் ஊருக்கு வரும்போதே அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.