ஆட்டிசம் அசெஸ்மென்ட் என்று 33,500 ரூபாய் கட்டிய கதை: பெரியவர்கள் கவனத்துக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பெரியவர்களுக்கான ஆட்டிசம் பரிசோதனை, ஒரே நாளில் ரிப்போர்ட்" என்று சென்னையில் யாராவது இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டால் உடனே பணம் கட்டாதீர்கள். இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அப்படி நான் ஏமாந்த மையத்தின் பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. அவர்கள் நாளைக்கே பெயர்ப் பலகையை மாற்றிக்கொள்ளலாம். அதனால் ஏமாற்றும் விதம் தெரிந்தால் போதும்.

எனக்கு வயது 36. ஊர் திருச்சிப் பக்கம், வேலை சென்னையில், மென்பொருள் சோதனைப் பிரிவு. அக்கா மகனுக்கு 4 வயதில் ஆட்டிசம் (பிறரோடு பழகும் விதத்திலும் சத்தம், வெளிச்சம் போன்றவற்றை உணரும் விதத்திலும் சின்ன வயதிலிருந்தே இருக்கும் வேறுபாடு) என்று கண்டுபிடித்தார்கள். அவனுக்காக அக்கா ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, "இதுல பாதி உனக்குத்தான்டி பொருந்துது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேஸ் புக்கிங்குக்குப் போன் செய்வதற்கே என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவள் நான். ஆபீஸ் கேன்டீனில் தட்டுகள் மோதும் சத்தம் தாங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிடுவேன்.

அன்றிரவு இணையத்தில் தேடினேன். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட 50 கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, இலவசம். 32-ம் அதற்கு மேலும் வந்தால் முறையான பரிசோதனைக்குப் போகலாம் என்பது கணக்கு. எனக்கு 38. ஆனால் அது வெறும் சல்லடைதான். பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்கும் அதில் மதிப்பெண் ஏறலாம். எனவே சரியான ஆளிடம் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதுவரை நான் செய்தது எல்லாம் சரி.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் பார்த்த அந்த மையத்துக்குப் போன் செய்தேன். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டினா 18,500 மேடம், நாளைக்கு 26,000 ஆயிடும்" என்றார் அந்தப் பெண். நான் நம்பினேன். யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்வது என் சுபாவம். அந்த மையத்துக்கு வருகிறவர்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும், அது அவர்களுக்குத் தெரியாததா என்ன? போன வாரம்கூடப் பார்த்தேன், "இன்று மட்டும் 18,500" இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கான இடம் என்று சொல்லிக்கொள்ளும் அந்தக் காத்திருப்பு அறையைப் பார்த்திருக்க வேண்டும். டிவியில் சீரியல் அலறுகிறது. தலைக்கு மேல் டியூப்லைட் துடித்துக்கொண்டே இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து மல்லிகை ரூம் ஸ்பிரே அடித்துவிட்டுப் போகிறார். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். பணம் கட்டியாகிவிட்டதே என்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே தலையில் ஒரு தொப்பியை மாட்டி, ஜெல் தடவி, இருபது நிமிடம் பிரெயின் மேப்பிங் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் கலர் கலராக மண்டைப் படங்கள் வந்தன. "இங்க சிவப்பா இருக்குல்ல மேடம், இதுதான் ஆட்டிசம்." பிறகு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். நான் வீட்டில் சும்மா போட்டுப் பார்த்த அதே 50 கேள்விகள். ஜெராக்ஸ் எடுத்ததில் கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டு 47-லிருந்து 50 வரை காணவில்லை. கேட்டதற்கு, "பரவாயில்ல, இருக்கிறத போடுங்க" என்றார்கள். கடைசியாக 25 நிமிடம் பேச்சு. பேச்சு வந்தது எப்போது, பள்ளியில் எப்படி இருந்தேன், அம்மாவிடம் பேச முடியுமா, எதுவும் கேட்கவில்லை.

"உங்களுக்கு ஆட்டிசம் இருக்கு" என்று என்னோடு பேசியவர் சொன்னதும் அழுதுவிட்டேன். முப்பது வருடமாகத் திமிர் பிடித்தவள், உம்மணாமூஞ்சி என்று கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அழுகை அடங்கும் முன்பே நியூரோஃபீட்பேக் (மூளை அலைகளைத் திரையில் காட்டித் தரும் பயிற்சி) பேக்கேஜ் பற்றிப் பேச ஆரம்பித்தார். 40 சிட்டிங், 72,000 ரூபாய், அட்வான்ஸ் 15,000. அரசு ஊனமுற்றோர் அட்டை "நாங்களே வாங்கித் தந்துடுவோம்". தேவைப்பட்டால் ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் ஆள் இருக்கிறார்களாம். 15,000-ஐ ஜிபே செய்தேன். கியூஆர் கோடில் மையத்தின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். ரசீது இல்லை.

ரிப்போர்ட் ராத்திரி மெயிலில் வந்தது. ஆங்கிலத்தில் 6 பக்கம். 4-ஆம் பக்கத்தில், குழந்தை தனியாகப் பொம்மைகளை வரிசையாக அடுக்குகிறான், வேண்டிய பொருளைக் காட்ட அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறான் என்று இருந்தது. அதுவும் "அவன்". 36 வயதுப் பெண்ணின் ரிப்போர்ட்டில்! போன் செய்தேன். "டைப்பிங் மிஸ்டேக் மேடம்."

அந்த ரிப்போர்ட்டை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினேன். அவர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார். "கையெழுத்துப் போட்டவங்களோட ஆர்.சி.ஐ. நம்பர் எங்கம்மா?" அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாக (மருத்துவ உளவியலாளராக) வேலை பார்க்க இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு வேண்டும், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி. பதிவு எண்ணை மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எனக்கு ரிப்போர்ட் எழுதியவர் பெயருக்கு முன்னால் "டாக்டர்" இருந்தது, பின்னால் ஏதோ டிப்ளமோ. தேடினேன், பதிவில் அந்தப் பெயரே இல்லை.

பிரெயின் மேப்பிங் பற்றியும் அந்த மனநல மருத்துவரிடமே கேட்டேன். ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. (அந்தத் தொப்பி மாட்டியதும் அதுதான்) எடுப்பது வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க. சின்ன வயதிலிருந்து நீங்கள் வளர்ந்த விதத்தைக் கேட்டு, இப்போது உங்களைக் கவனித்து, இரண்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

அவர் அனுப்பிய கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் மூன்று முறை போனேன். மூன்றுக்கும் சேர்த்து, மையத்தில் கட்டியதில் பாதிகூட ஆகவில்லை. பழைய ரேங்க் கார்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் வகுப்பு கார்டில் டீச்சர் எழுதியிருந்தது: "படிப்பில் நன்று. யாருடனும் சேருவதில்லை." பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைவு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்த்தார், ஏனென்றால் ஒன்று இன்னொன்று மாதிரித் தெரியும், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். 2013-க்கு முன்பு அமெரிக்க மனநலக் கையேட்டின்படி ஆட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் (கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) ஒருவருக்கே எழுத முடியாதாம்.

அப்புறம் அம்மா. ஸ்பீக்கரில் போட்டு ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். "இவ நல்ல புள்ளதாங்க, ஒரு குறையும் இல்ல" என்றுதான் அம்மா ஆரம்பித்தாள். சைக்காலஜிஸ்ட் அம்மையார் அவசரப்படாமல், விசேஷ வீடுகளில் எப்படி இருப்பாள் என்று கேட்டார். "மேளம் கொட்ட ஆரம்பிச்சா போதும், ஆளக் காணாது. தேடிப் போனா மாட்டுக் கொட்டகையில உக்காந்து பசு அசைபோடுறத பாத்துக்கிட்டு இருப்பா. எத்தனை தடவ மெல்லுதுன்னு எண்ணிச் சொல்லுவா." இது எனக்கே மறந்துபோயிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது தப்பாங்க?" என்று கேட்டாள்.

முடிவு: ஆட்டிசம்தான், கூடவே பதற்றமும். "அப்ப அந்த மையம் சொன்னது சரிதானே?" என்று ஒரு தோழி கேட்டாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. அங்கே யார் போய்த் தலையைக் கொடுத்தாலும் படம் சிவப்பாகத்தான் வரும் என்பது என் சந்தேகம். ஆட்டிசமே இல்லாமல் வேறு பிரச்சினையோடு போகிறவர் 40 சிட்டிங்கை முடித்துவிட்டு, பிரச்சினை அப்படியே இருக்க வீட்டுக்குப் போவார்.

அவர்கள் காட்டிய மற்ற இரண்டு தூண்டில்களையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று, சான்றிதழ் உண்டு. ஆனால் தருவது அரசு நியமித்த மருத்துவ அதிகாரிகள்தான். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள். பல சலுகைகளுக்கு 40 சதவீதமாவது வர வேண்டும். தனியார் மையம் "வாங்கித் தருகிறேன்" என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்டெம் செல் இன்னும் மோசம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்கள் போக மற்றதற்கெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். ஆய்வில் சேருகிறவரிடம் அதற்குக் காசும் வாங்கக் கூடாது.

இப்போது நான் போன் செய்தால் முதலில் மூன்று கேள்வி கேட்பேன். பதிவு எண் என்ன? பெரியவர்களுக்கு எந்தெந்த மதிப்பீட்டு முறை, கேள்வித்தாள் பயன்படுத்துகிறீர்கள்? என் சின்ன வயதைத் தெரிந்த ஒருவரிடம் பேசுவீர்களா? அம்மா அப்பா இல்லாதவர்கள் அண்ணனையோ அத்தையையோ அழைத்துப் போகலாம், பள்ளிக் கார்டும் உதவும். இந்த மூன்றுக்கும் மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். கையில் காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

பணம் என்ன ஆயிற்று? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த ஒன்பதாம் நாள் 15,000 திரும்பி வந்தது. 18,500-க்கு, "சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று பதில். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் மனு கொடுக்கலாம். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், வெட்டுப்பட்ட கேள்வித்தாள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டுவிட்டேன். பொம்மை அடுக்கும் அந்தப் பையன் வருகிற 4-ஆம் பக்கத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன்.